விரலுக்குத் தட்டுப்படும் அணுக்கள்

காசநோய்ச் சோதனைக்கான மாண்டூ ஊசி போட்ட கையைப் படிக்கக் கண்ணை நம்பக் கூடாது. இரண்டு மூன்று நாள் கழித்து நோயாளி வந்து முன்கையை நீட்டும்போது முதலில் தெரிவது சிவப்புதான். பயிற்சி மருத்துவர்கள் பெரும்பாலும் அந்தச் சிவப்பின் மேல்தான் ஸ்கேலை வைப்பார்கள். சிவப்பை விட்டுவிடுங்கள் என்பேன். முழங்கையை லேசாக மடக்கச் சொல்லி, பால்பாயிண்ட் பேனாவைத் தோலில் வைத்து வெளியிலிருந்து உள்ளே மெதுவாக நகர்த்தினால் ஓரிடத்தில் முனை தடுக்கி நிற்கும். அதுதான் தடிப்பின் கரை. எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதே மாதிரி ஒரு கோடு. இரண்டுக்கும் இடையே, கைக்குக் குறுக்காக அளந்து மில்லிமீட்டரில் எழுத வேண்டும். கோடு போட்ட பிறகு விரல் நுனியால் ஒருமுறை தடவிச் சரிபார்ப்பது என் வழக்கம்.

அந்தத் தடிப்பு எதனால் வருகிறது என்று தெரிந்து தடவினால் அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிடும். தோலுக்குள் செலுத்தியது 0.1 மில்லி டியூபர்குலின். காசநோய்க் கிருமியிலிருந்து பிரித்த புரதம் அது; உயிருள்ள கிருமி அதில் ஒன்றுகூடக் கிடையாது. எப்போதோ அந்தக் கிருமியைச் சந்தித்து, அதை நினைவில் வைத்துக்கொண்டு உடம்பெல்லாம் சுற்றிவரும் டி செல்கள் சில, இந்தப் புரதத்தை அடையாளம் கண்டு அங்கேயே நின்றுவிடுகின்றன. காமா இன்டர்ஃபெரான் முதலான வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. பக்கத்து ரத்தக்குழாய்களின் சுவர் இளகுகிறது. கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ்கள் வந்து குவிகின்றன. இவ்வளவும் நடந்து இடம் கெட்டிப்பட 48 முதல் 72 மணி நேரம் ஆகும். அலர்ஜிக்காகத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் பதினைந்து நிமிடத்தில் எழும்புகிற தடிப்பு வேறு. அது ஆன்டிபாடியின் வேலை. மாண்டூ, செல்லின் வேலை. மெரில் சேஸ் 1945-ல் இதைக் கினிப்பன்றிகளில் காட்டினார். டியூபர்குலினுக்குத் தடிக்கும் விலங்கின் சீரத்தை இன்னொன்றுக்குச் செலுத்தினால் எதுவும் நடக்கவில்லை. வெள்ளையணுக்களைச் செலுத்தியபோது புதிய விலங்குக்கும் தடித்தது.

இந்தக் கூட்டத்தைக் கூட்டுவது உதவி டி செல். மேற்பரப்பில் சி.டி.4 என்ற புரதம் இருப்பதால் எங்கள் வார்டில் அதற்கு சி.டி.4 என்றே பேர். அது கிருமியை விழுங்காது, ஆன்டிபாடி சுரக்காது. நோய்பட்ட செல்லைத் தேடிக் கொல்வதும் பெரும்பாலும் அதன் வேலை இல்லை. ஆனால் அந்த வேலைகளைச் செய்யும் செல்கள் இதன் குரல் கேட்காமல் முழு வேகத்தில் இறங்குவதில்லை. எங்கள் ஊர்த் தோணியில் தலைவரான தண்டல் பாயை இழுப்பதில்லை, மூட்டை தூக்குவதில்லை; ஆனால் அவர் குரல் இல்லாமல் தோணி துறையை விட்டு நகராது. சி.டி.4 அப்படி.

தூத்துக்குடியில் நெஞ்சக நோய் மருத்துவம் பார்க்கிறவர்களுக்கு இந்த அணுவை அதன் எல்லாக் கோலத்திலும் பார்க்க வாய்க்கிறது. காலையில் உப்பளத்திலிருந்து காசநோயோடு ஒருவர் வருவார். அவருக்குப் பின்னால் கருவாடு காய வைக்கும் இடத்திலிருந்து இளைப்போடு ஒரு பெண். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றி வந்த லாரி டிரைவர் ஒருவர் எச்.ஐ.வி. சீட்டோடு. மூன்று பேரின் நோயும் புத்தகத்தில் மூன்று வெவ்வேறு அத்தியாயங்கள். என் மேசைக்கு முன்னால் உட்காரும்போது கேள்வி ஒன்றுதான்: இவர் உடம்பில் சி.டி.4 வேலை செய்கிறதா, தூங்குகிறதா, அளவுக்கு மீறிக் கத்துகிறதா? இதற்கு விடை தெரியாமல் நான் ஸ்டீராய்டு எழுதுவதில்லை. அழற்சியைக் கண்டவுடன் அணைத்துவிடத் துடிப்பதும், அழற்சி இல்லாததைக் கண்டு நிம்மதி அடைவதும் என் தொழிலின் இரண்டு பெரிய பொறிகள்.

முதலில் தூக்கம். எச்.ஐ.வி. முற்றி, சி.டி.4 எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு ஐம்பதுக்கும் கீழே போனவருக்கு உடம்பு முழுக்கக் காசநோய் பரவியிருக்கலாம். அவர் கையில் மாண்டூ ஊசி போட்டால் மூன்றாம் நாள் ஊசி போட்ட தடம்கூட இருக்காது. நல்ல உடம்பில் இந்த எண்ணிக்கை 500-லிருந்து 1500 வரை இருக்கும். மார்பு எக்ஸ்ரேயிலும் நாம் தேடிப் பழகிய குழி இருக்காது. காசநோய் என்றால் நுரையீரலின் மேல்பகுதியில் குழி விழும் என்று படித்தோம் அல்லவா, அந்தக் குழியைக் கிருமி தனியாகத் தோண்டுவதில்லை. கிருமியோடு போராடும் நம் செல்கள் உண்டாக்கும் சேதம் அதில் பெரும்பங்கு. கூப்பிட ஆள் இல்லாத உடம்பில் போராட்டமும் இல்லை, குழியும் இல்லை. சளியில் கிருமி தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சுத்தமாகக்கூட இருக்கலாம். ஆள் மட்டும் நாளுக்கு நாள் உருகிக்கொண்டிருப்பார். “எக்ஸ்ரே நல்லாருக்குன்னு சொன்னாவ, பொறவு ஏன் இவரு இப்பிடி மெலியுதாரு டாக்டரம்மா?” என்று மனைவி கேட்கும்போது, எக்ஸ்ரே நன்றாக இருப்பதே கெட்ட சேதி என்பதை எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டும். எளிய வார்த்தையில், நிதானமாக, அவர் கணவர் இருக்கும்போதே.

இந்த அணு எவ்வளவு முக்கியம் என்பதை மனிதகுலத்துக்கு உணர்த்தியதே அதை அழிக்கும் நோய்தான். 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வமான நிமோனியாவைப் பற்றி அமெரிக்க அரசின் வாராந்தர மருத்துவ அறிக்கை எழுதியது. தேடிப் போனபோது அந்த நோயாளிகளிடம் உதவி டி செல்கள் அநேகமாகக் காலி. இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதன்முதலில் கண்டது நம் சென்னையில், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேர்ந்து செய்த வேலை அது. அதே 1986-ல் கலிபோர்னியாவில் டிம் மாஸ்மனும் ராபர்ட் காஃப்மனும், எலியின் உதவி டி செல்களில் இரண்டு தனி வகை உண்டு என்று காட்டினார்கள். ஒன்று மேக்ரோபேஜ்களை உசுப்பும். மற்றது ஆன்டிபாடி பக்கமும் ஈசனோஃபில் என்ற வெள்ளையணுவின் பக்கமும் சாயும். எங்களைப் போன்றவர்கள் இன்று தினமும் பிழைப்பது இந்த இரண்டு கண்டுபிடிப்புகளின் மேல்தான். பின்னால் மூன்றாவதாக, இன்டர்லூகின்-17 சுரக்கும் வகையும் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றையும் அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களை அடையாளம் கண்டதற்காக ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று வார்டில் நான் இனிப்பு கொடுத்தேன்.

இனி நான் மிகவும் மனம் கொடுத்துப் பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன்: தூங்கிய அணு விழிக்கும் நேரம்.

எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்து வந்த ஒரு கடல் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பலரைப் பார்த்தவர்கள்தான் எல்லா நெஞ்சக மருத்துவர்களும். காசநோய் மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்தில் காய்ச்சல் விட்டது, பசி எடுத்தது. பிறகு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தொடங்கினோம். வைரஸ் படுத்துவிட்டது. மூன்றாம் வாரம் ஆள் திரும்ப வருகிறார். 102 டிகிரி காய்ச்சல். கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டி, ஒன்று கோலிக்குண்டு அளவு தாண்டிப் பளபளவென்று சிவந்து நிற்கிறது. “மாத்திரை தின்ன பொறவுதான் கட்டியே வந்திச்சி. நிப்பாட்டிருங்க” என்கிறார். சொந்தக்காரர் ஒருவர் ஏற்கெனவே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். வைரஸ் அடங்கியதும் சி.டி.4 திரும்ப எழும்புகிறது. எழுந்து பார்த்தால் உடம்பெங்கும் காசநோய்க் கிருமி. பாதி மருந்தில் செத்தது, மீதி சாகப்போவது; செத்ததானாலும் அதன் புரதம் அங்கேயே கிடக்கிறது. இத்தனை நாள் யாரும் கண்டுகொள்ளாத அந்தக் குவியலைப் பார்த்து அணுக்கள் ஒரே நேரத்தில் குரல் கொடுக்கின்றன. நெறி கட்டுவதும் காய்ச்சலும் அந்தக் குரல்தான். மருத்துவத்தில் இதற்கு ஐ.ஆர்.ஐ.எஸ். என்று பெயர். நோய் எதிர்ப்பு மீளும்போது வரும் அழற்சி. கிருமி கூடவில்லை, மருந்து தோற்கவில்லை. உடம்பு திரும்பி வருகிறது, ஆனால் திரும்பி வரும் வேகத்திலேயே ஆளைச் சாய்க்கப் பார்க்கிறது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஐ.ஆர்.ஐ.எஸ். என்று எழுதிவிடவும் முடியாது. அதே மூன்றாம் வாரத்தில் அதே கட்டி, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாகவும் இருக்கலாம், நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாததாலும் இருக்கலாம். அதனால் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்க வேண்டும். இதற்கும் ஒரு முறை உண்டு. கட்டி தளதளவென்று தொங்கும் அடிப்பக்கத்தில் குத்தவே கூடாது. சீழ் அந்த வழியே ஒழுகி, மாதக்கணக்கில் மூடாத புரையாகிவிடும். மேலே, ஒரு விரற்கடை தள்ளி, சிவக்காத நல்ல தோல் வழியாக ஊசியைச் சாய்த்து நுழைத்துக் கட்டிக்குள் இறங்க வேண்டும். வரும் சீழில் கொஞ்சம் சிபிநாட் என்ற மரபணுச் சோதனை இயந்திரத்துக்கு, கொஞ்சம் கல்ச்சருக்கு, கொஞ்சம் கண்ணாடித் தகட்டுக்கு. தகட்டில் சிவப்புக் கம்பி போலக் கிருமிகள் தெரிந்து, பல வாரம் கழித்து கல்ச்சரில் எதுவும் முளைக்காமல் போவது எங்களுக்குப் பழக்கமான காட்சி. தெரிந்தவை பிணங்கள்.

காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை என்று உறுதியானதும் பிரெட்னிசலோன் தொடங்குவேன். காசநோய் மாத்திரை, கூட்டு மருந்து இரண்டையும் நிறுத்துவதில்லை. ஸ்டீராய்டு அந்தக் குரலின் சத்தத்தைக் குறைக்கும், குரல்வளையை அறுக்காது. பல பேருக்கு ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கட்டி கரைய மாதங்கள் ஆகும். நோயாளிக்கு இதை விளக்கும்போது நான் எப்போதும் எண்ணைக் காட்டுவேன். கூட்டு மருந்துக்கு முன் இருபத்துச் சொச்சம், இப்போது நூற்றுச் சொச்சம். “கட்டி வந்திருக்கது ஒங்க ஒடம்பு முழிச்சிக்கிட்டதால. முழிச்சதுக்காக மருந்த நிப்பாட்டுனா மறுபடியும் தூங்கிரும்” என்பேன். ஒரு கட்டி நல்ல சேதியாகவும் இருக்க முடியும் என்பதை நம்பவைக்க அரைமணி நேரம் செலவழித்தால் அது வீண் இல்லை. மாத்திரையைக் கடலில் வீசியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இந்த அழற்சிக்குப் பயந்து கூட்டு மருந்தைத் தள்ளிப் போடலாமே என்று ஒரு காலத்தில் பலரும் நினைத்தார்கள். கம்போடியாவில் நடந்த கமீலியா ஆய்வு அதற்கு விடை சொன்னது. காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்த 661 பேர், அவர்களின் சி.டி.4 இடைநிலை அளவு வெறும் 25. காசநோய் மருந்து தொடங்கிய இரண்டாம் வாரமே கூட்டு மருந்து பெற்றவர்களில் 18 சதவீதம் பேர் இறந்தார்கள். எட்டு வாரம் காத்திருந்தவர்களில் 27 சதவீதம். சீக்கிரம் தொடங்கியவர்களுக்கு ஐ.ஆர்.ஐ.எஸ். அதிகம் வந்தது, ஆனாலும் அதிகம் பிழைத்தார்கள். 2011-ல் இது வெளியானதும் எங்கள் கை நடுக்கம் நின்றது. விதிவிலக்கு மூளைக்காய்ச்சல். காசநோய் மூளையுறையைத் தாக்கியிருந்தால் காத்திருந்துதான் தொடங்குவேன். கழுத்து வீங்க இடம் கொடுக்கும். மண்டையோடு கொடுக்காது.

2018-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து இன்னொரு பயனுள்ள தகவல் வந்தது. சி.டி.4 நூறுக்கு மேல் போகாதவர்களுக்குக் கூட்டு மருந்தோடு சேர்த்தே நான்கு வாரம் பிரெட்னிசோன் கொடுத்தால் இந்த அழற்சி 47-லிருந்து 33 சதவீதமாகக் குறைகிறது. அழைப்பை நிறுத்தாமல் அதன் சத்தத்தை முன்கூட்டியே மட்டுப்படுத்தலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மறுபக்கம், தேவையே இல்லாத இடத்தில் கத்தும் அணு. கருவாட்டுத் தூசியிலும், ஏசி இல்லாத வீட்டுச் சுவரின் பூஞ்சையிலும், தலையணைப் பூச்சியிலும் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் சிலருடைய உதவி டி செல்கள் மாஸ்மனும் காஃப்மனும் சொன்ன இரண்டாம் வகைப் பக்கம் சாய்ந்து, இன்டர்லூகின் 4, 5, 13 என்று சுரந்து, ஈசனோஃபில்களை மூச்சுக்குழாய்க்கு வரவழைக்கின்றன. குழாயின் உள்சுவர் வீங்கி, சளி கட்டி, விடியற்காலையில் மூச்சு வாங்கும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ‘ஈஸ்னோபீலியா’ என்ற சொல் ஈசனோஃபிலின் பெயரிலிருந்து வந்ததுதான். அந்தப் பெயரில் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்துமா. யானைக்கால் புழுவின் குஞ்சுகளுக்கு எதிராக இதே இரண்டாம் வகை அணுக்கள் வெறிகொண்டு எழுவதால் வரும் அசல் ஈசனோஃபில் நுரையீரல் நோய் இப்போது அபூர்வம். வந்தால் மூன்று வாரம் டி.இ.சி. மாத்திரையில் பெரும்பாலும் அடங்கிவிடும். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வி.கே. விஜயன் முதலானோர் 1980-களில் அந்த நோயாளிகளின் நுரையீரலைக் கழுவிப் பார்த்து, ஈசனோஃபில்கள் எப்படிக் குவிகின்றன, சிகிச்சையில் எப்படிக் குறைகின்றன என்று பதிவு செய்தார்கள்.

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எழுதினால் “கடைசி மருந்தா டாக்டரம்மா?” என்று முகம் வாடிவிடும். இழுக்கும் ஸ்டீராய்டு, வேண்டாத கூட்டத்தைக் குழாய்க்குள்ளேயே கலைத்துவிடுகிறது. உடம்பின் மற்ற அணுக்களை அநேகமாகத் தொடுவதில்லை. முதல் மருந்தே அதுதான். இன்ஹேலருக்குப் பயந்து, சீட்டில்லாமல் கிடைக்கும் வெள்ளை ஸ்டீராய்டு மாத்திரையை வருடக்கணக்கில் போட்டு, முகம் உருண்டு, சர்க்கரை ஏறி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமும் துக்கமும் ஒன்றாக வரும். அந்த மாத்திரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. புழுவை எதிர்ப்பது இந்த இரண்டாம் வகையின் பழைய வேலை. வெறுங்காலோடு நடந்து குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு ஏறிய ஒருவருக்கு ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தால், கட்டுக்குள் இருந்த புழு பெருகி நுரையீரல் வரை ஏறி உயிரை வாங்கலாம். அதனால்தான் விடை தெரியாமல் ஸ்டீராய்டு எழுதுவதில்லை என்றேன்.

முத்துக்குளித்துறையில் இருந்துகொண்டு சிப்பியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் 1973-ல், பக்கத்து வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். ஒரு சிப்பியின் மேலுறைத் துண்டை வெட்டி எடுத்து, ஓட்டிலிருந்து கடைந்த மணியோடு இன்னொரு சிப்பிக்குள் வைப்பார்கள். சில சிப்பிகள் மணியைத் துப்பிவிடும். மற்றவற்றில் அந்நியத் துண்டு அங்கேயே வளர்ந்து, மணியைச் சுற்றிப் பையாகி, முத்தைச் சுரக்கும். என் தோலில் ஒரு துண்டை உங்கள் கையில் வைத்துத் தைத்தால் இரண்டு வாரத்துக்குள் கறுத்து உதிர்ந்துவிடும். உதிர்ப்பது டி செல். சிப்பிக்கு நம்முடையது போன்ற டி செல் கிடையாது. அதன் ரத்த அணுக்கள் விழுங்கும், சூழும், ஆனால் ‘இது இன்னாருடைய சதை’ என்று குறித்து வைத்துக்கொள்வதில்லை. நம்முடையது போன்ற டி செல் தாடையுள்ள விலங்குகள் தோன்றிய பிறகே வந்தது. வலையில் வரும் சுறாவுக்கும் சீலாவுக்கும் அது உண்டு. குறிப்பாக அடையாளம் கண்டு, ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும் இந்த ஆற்றல் நமக்கு அம்மைத் தடுப்பூசியையும் கொடுத்தது, முடக்குவாதத்தையும் கொடுத்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல வழி இல்லை.

முடக்குவாத மருத்துவர்கள் இப்போது விலை உயர்ந்த ஊசிகளைப் போடும் முன் நோயாளியை எங்களிடம் அனுப்புகிறார்கள். உதவி டி செல்லும் மேக்ரோபேஜும் பேசிக்கொள்ளும் டி.என்.எஃப். என்ற பொருளை அந்த ஊசி தடுத்துவிடும். மூட்டு வலி குறையும். ஆனால் எப்போதோ வந்த காசநோய்க் கிருமியைச் சுற்றி உடம்பு கட்டிவைத்த கரணையும் அதே பொருளால்தான் இறுகி நிற்கிறது. இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டவர்களுக்குக் காசநோய் கிளம்புவதை 2001-லேயே எழுதிவிட்டார்கள். நம் நாட்டில் இந்தக் கிருமி பலருக்கு உள்ளே உறங்கிக்கொண்டிருப்பதால், இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. எக்ஸ்ரேயும் தோல் அல்லது ரத்தச் சோதனையும் முடியாமல் சம்மதச் சீட்டில் கையெழுத்துப் போட மாட்டேன்.

கடைசியாக என் மாணவர்களோடு அடிக்கடி நடக்கும் ஒரு வாதம். 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகத் தொடங்கியபோது சி.டி.4 இருநூறுக்குக் கீழே போனால்தான் மருந்து. பிறகு வரம்பு 350 ஆனது, 500 ஆனது. 2017 முதல் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் எல்லாருக்கும் மருந்து. அப்படியானால் எதற்கு எண்ண வேண்டும், வைரஸ் அளவைப் பார்த்தால் போதாதா என்று கேட்கிறார்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு வைரஸ் அளவு போதும். முதல் நாளில் வந்து உட்காரும் ஆளை அறிய அது போதாது. இன்னும் பலர் தாமதமாகத்தான் வருகிறார்கள். மாதக்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போனவர்கள், லாரியில் இருப்பவர்கள், சொல்லப் பயந்தவர்கள். முதல் ஊதா மூடிக் குழாயை நான் சி.டி.4-க்குத்தான் அனுப்புவேன். இருநூறுக்குக் கீழே என்றால் அன்றே கோட்ரைமாக்சசோல், கூடவே கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் சோதனை. நூறு அல்லது அதற்கும் கீழே, காசநோயும் இருந்தால், வேறு தடை இல்லாத பட்சத்தில் கூட்டு மருந்தோடு பிரெட்னிசலோன் நான்கு வாரம். ஐம்பதுக்குக் கீழே என்றால் வீட்டு ஆள் ஒருவரையும் உட்காரவைத்து, “மூணாவது வாரம் காய்ச்சல் வரலாம், நெறி கட்டலாம். வந்தா மாத்திரைய நிப்பாட்டாம எங்கிட்ட வாங்க” என்று சொல்லி, சீட்டின் பின்பக்கம் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.